பேயல்ல, நோய் என்று கற்பிக்கும் ஆசான்

அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவைக் காலை நேரத்திலே பார்த்திருப்பீர்கள். கண் பிரிவின் வாசலிலே கூட்டம். கைத்துண்டால் கண்ணைத் துடைத்தபடி கதை பேசி நிற்கிறார்கள். எலும்புப் பிரிவின் வாசலிலே கூட்டம்; கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, விழுந்த கதையை வீரக் கதையாகச் சொல்கிறார்கள். தோல் பிரிவு, காது மூக்குப் பிரிவு, எங்கும் கூட்டம், எங்கும் பேச்சு. தாழ்வாரத்தின் கோடியிலே இன்னொரு வாசல் உண்டு. அங்கேயும் கூட்டம்தான், பேச்சுத்தான் இல்லை! துண்டை இழுத்து முகத்தை மறைத்து நிற்பவர் ஒருவர். தெரிந்தவர் யாரேனும் வந்துவிடுவாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பவர் ஒருவர். 'அம்மாவுக்குச் சும்மா தலைவலிதான்' என்று கேட்காதவரிடமெல்லாம் சொல்பவர் ஒருவர். வாசலின் மேலே பலகை: மனநலப் பிரிவு.

கால் முறிந்தவன் கூச்சமின்றி உட்கார்ந்திருக்கிறான். மனம் முறிந்தவன் முக்காடு போட்டு நிற்கிறான். ஏன் இந்த வேற்றுமை? காலை முறித்தது கல் என்கிறோம். மனத்தை முறித்தது கர்மவினை என்கிறோம், காற்றுக் கருப்பு என்கிறோம், முன்னோர் சாபம் என்கிறோம். கல் தடுக்கி விழுந்தவனுக்கு அனுதாபம். கருத்துத் தடுமாறி விழுந்தவனுக்கு அவமானம்! இதுதானே நம் நாட்டு நியாயம்?

அந்த வாசலுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறாரே ஒரு டாக்டர், அவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் அவர். அவருக்கு இரண்டு வேலை. எதிரே அமர்ந்த நோயாளியைக் குணப்படுத்துவது ஒன்று. சுற்றி நிற்கும் மாணவர்களுக்குக் கற்பிப்பது மற்றொன்று. முதல் வேலையின் அருமையை ஊர் ஓரளவு அறியும். இரண்டாவது வேலையின் அருமையை ஊரும் அறியாது, நாட்டின் மருத்துவப் பாடத்திட்டமும் அறியாது! அறிந்திருந்தால், அவருடைய பாடத்தை வேறொரு பாடத்தின் வீட்டுத் திண்ணையிலே ஒண்டுக்குடித்தனம் வைத்திருக்குமா?

'நமக்கென்ன ஐயா அதனால்? கூலி உயர்வு பற்றி எழுதுவாய் என்று பார்த்தால், கல்லூரிப் பாடம் பற்றி எழுதுகிறாயே' என்று கேட்கத் தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

2021 ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டு மடிந்தவர்கள் 1,64,033 பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தந்த கணக்கு இது. அவர்களிலே தினக்கூலிகள் எத்தனை பேர் தெரியுமா? 42,004 பேர்! நான்கு பிணங்களிலே ஒரு பிணம் தினக்கூலியின் பிணம். மூட்டை சுமந்த தோள், மண் வெட்டிய கை, சாரத்திலே ஏறிய கால். இப்போது சொல்லுங்கள், இது யாருடைய பிரச்சினை? பங்களாவிலே படுத்துப் புரளும் பிரபுவின் பிரச்சினையா? பாட்டாளியின் பிரச்சினை, தோழர்களே, பாட்டாளியின் பிரச்சினை!

முக்கால் டாக்டர்!

கணக்கை இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 2015–16 இல் தேசிய மனநல ஆய்வு ஒன்று நடந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிலையம் நடத்திய ஆய்வு. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களிலே வீடு வீடாகச் சென்று கேட்டார்கள். வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோயால் அப்போது துன்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நோயின் வகைக்கு ஏற்ப, நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு பேர் வரை சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். சிகிச்சை தர ஆள் எங்கே? 2019 வாக்கிலே நாடு முழுவதற்கும் இருந்த மனநல மருத்துவர்கள் ஏறக்குறைய 9,000 பேர். வகுத்துப் பார்த்தால் லட்சம் மக்களுக்கு முக்கால் டாக்டர்! ஒரு முழு டாக்டர்கூட இல்லை. அந்த முக்காலும் பெரும்பாலும் பெரிய நகரங்களிலே! குக்கிராமத்துக் குப்பனுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அப்படியானால் மனம் நொந்த குப்பன் எங்கே போகிறான்? முதலிலே கோடங்கியிடம். அடுத்து ஊரிலே இருக்கும் சாதாரண டாக்டரிடம். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், தெருமுனை கிளினிக் டாக்டர், நள்ளிரவிலே அவசரப் பிரிவிலே தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும் பயிற்சி டாக்டர், இவர்கள்தான் மனநோயை முதலிலே பார்ப்பவர்கள். பார்ப்பவர்கள் என்றேன், கண்டுகொள்பவர்கள் என்று சொல்லவில்லை. கண் முன்னால் வந்து நிற்கும் நோயைக் கண்டுகொள்ளக் கற்பித்தவர் இருந்தால்தானே கண்டுகொள்ள முடியும்?

இங்கேதான் வருகிறார் நம் பேராசிரியர். அவர் ஒரு நாளிலே எத்தனை நோயாளிகளைப் பார்த்துவிட முடியும்? நாற்பதோ ஐம்பதோ! ஆண்டு முழுவதும் உழைத்தாலும் அவர் கைக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் அவர் கற்பிக்கும் மாணவர்கள் ஆண்டுக்கு நூறு பேர், நூற்றைம்பது பேர். அவர்கள் நூறு ஊருக்குப் போகிறார்கள். ஒவ்வொருவரும் முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு நோயாளிகளைப் பார்க்கிறார்கள். பேராசிரியர் ஒரு நோயாளியைக் குணப்படுத்தினால் ஒரு வீட்டிலே விளக்கு எரியும். ஒரு மாணவனுக்குச் சரியாகக் கற்பித்தால் ஓர் ஊரிலே விளக்கு எரியும்!

மூன்றாம் நாள் இரவு

என்னதான் கற்பிக்கிறார் அவர்? சொல்கிறேன், கேளுங்கள். ஒரு கொத்தனார் என்று வைத்துக்கொள்வோம். உடல் வலிக்கு என்று தொடங்கி, ஒரு நாளும் தவறாமல் குடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்தார், தொடை எலும்பு முறிந்தது, எலும்பு வார்டிலே சேர்த்தார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் இரவு, கட்டிலிலிருந்து எழுந்து கத்துகிறார்! சுவரிலே எறும்பு ஊர்கிறது என்கிறார். படுக்கையிலே பாம்பு என்கிறார். இல்லாத பூச்சியைத் தட்டிவிடுகிறார். நரம்பிலே ஏறும் மருந்துக் குழாயைப் பிடுங்கி எறிகிறார். மனைவி அலறுகிறாள். பக்கத்துக் கட்டில்காரர் தீர்ப்பு வழங்குகிறார்: 'விழுந்தாரே, அந்த இடத்திலே ஏதோ அடித்திருக்கிறது!' உறவினர் ஒருவர் மந்திரித்த கயிறு வாங்க ஓடுகிறார். ஆஸ்பத்திரிச் சிப்பந்தி கையையும் காலையும் கட்டப் பார்க்கிறார்.

பேயா? பேயுமில்லை, பிசாசுமில்லை! நாள்தோறும் சாராயத்திலே ஊறிப் பழகிய மூளை அது. திடீரென்று சாராயம் நின்றதும், அடக்கி வைத்திருந்த கை எடுபட்ட குதிரைபோலத் தறிகெட்டு ஓடுகிறது. குடி நின்ற இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் வருகிற அபாயம் இது. கவனிக்காமல் விட்டால் உயிரையே குடிக்கும். கவனித்தாலோ, மூளையை அமைதிப்படுத்தும் மருந்து உண்டு. தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி உண்டு. சில நாட்களிலே மனிதர் தெளிந்து எழுந்து, மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அந்த உயிரைக் காப்பது எது? பெரிய எந்திரமா? வெளிநாட்டு மருந்தா? ஒரே ஒரு கேள்வி! 'கடைசியாகக் குடித்தது எப்போது?' வார்டிலே சேர்க்கும்போதே பயிற்சி டாக்டர் இந்தக் கேள்வியை, முகத்தைச் சுளிக்காமல், உபதேசம் செய்யாமல், கேட்டிருந்தால் மூன்றாம் நாள் இரவு அலறல் இல்லை, கயிறு இல்லை, கட்டு இல்லை. கேட்கக் கற்பிப்பவர்தான் நம் பேராசிரியர். எலும்பு வார்டிலிருந்து, பிரசவ வார்டிலிருந்து, விஷம் குடித்தவர்கள் கிடக்கும் வார்டிலிருந்து அவருக்கு அழைப்பு வருகிறது. மாணவர்கள் பின்தொடரப் போகிறார். உடல் வேறு மனம் வேறு என்று வார்டுகளைப் பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்தச் சுவரை ஒவ்வொரு நாளும் இடித்துக்கொண்டே நடக்கிறார் அவர்.

இன்னொரு காட்சி. பனியன் கம்பெனியிலே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி. தலைவலி என்று வருகிறாள். நெஞ்சு படபடப்பு என்கிறாள். உடம்பெல்லாம் அசதி, கை கால் குடைச்சல் என்கிறாள். கிளினிக் டாக்டர் ஊசி போடுகிறார், டானிக் எழுதுகிறார், ரத்தம் சோதிக்கச் சொல்கிறார், படம் எடுக்கச் சொல்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காகிதம் சொல்கிறது. சரியாக இல்லை என்று உடம்பு சொல்கிறது! ஒரு மாதக் கூலி ஊசிக்கும் படத்துக்கும் போய்விட்டது; வலி மட்டும் போகவில்லை.

பேராசிரியர் மாணவர்களைப் பார்த்துச் சொல்வார்: 'துக்கம் நம் ஊரிலே துக்கம் என்று பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி என்று வரும், நெஞ்செரிச்சல் என்று வரும். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக் கேளுங்கள். தூக்கம் எப்படி? விடியற்காலம் மூன்று மணிக்கே விழிப்பு வருகிறதா? சோறு ருசிக்கிறதா? முன்பு பிடித்ததெல்லாம் இப்போதும் பிடிக்கிறதா? பிறகு, தயங்காமல், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா என்றும் கேளுங்கள்.'

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க இளம் டாக்டர்கள் நடுங்குகிறார்கள். இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்கிற அச்சம். அச்சம் வீண் என்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. உள்ளே புழுங்கிக்கொண்டிருந்த எண்ணத்துக்கு வெளியேற ஒரு சன்னல் திறக்கிறது. 'இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லையே' என்று அவள் அழுதால், அந்த அழுகையிலேதான் சிகிச்சை தொடங்குகிறது. மருந்து பலன் தர இரண்டு வாரம், நான்கு வாரம் ஆகும். சரியானவுடன் நிறுத்திவிடக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை, பல மாதங்கள், தொடர வேண்டும். இதை அவளுக்கு விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பைக் கற்பிப்பதுதான் மனநலப் பாடம்.

இன்னொன்றும் நல்ல ஆசான் கற்பிக்கிறார்: கடனுக்கு மாத்திரை கிடையாது! கந்துவட்டிக்காரன் வாசலிலே நிற்கும்போது, மாத்திரை மட்டும் மனத்தைத் தேற்றிவிடாது. வீட்டிலே அடி உதை உண்டா, வேலை போய்விட்டதா, கடன் எவ்வளவு என்றெல்லாம் கேட்காத டாக்டர் பாதி டாக்டர்தான். அதேபோல, வறுமை ஒழிந்தால் மனநோய் தானாகப் போய்விடும் என்று பேசும் நம் தோழரும் பாதிதான் அறிந்தவர். மருந்து செய்ய வேண்டியதை மருந்து செய்யட்டும். சங்கம் செய்ய வேண்டியதைச் சங்கம் செய்யட்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றல்ல.

சங்கிலியின் வரலாறு

இந்தப் பாடம் கல்லூரிக்குள் நுழைந்த வரலாறு நீண்டது, சங்கிலியைவிட நீண்டது! 1794 இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிலே சென்னைப் புரசைவாக்கத்திலே தொடங்கிய காப்பகம், 1871 இல் கீழ்ப்பாக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு 145 நோயாளிகளோடு இடம் மாறியது. 1912 இல் வெள்ளையர் ஆட்சி செய்த சட்டத்தின் பெயரே பைத்தியச் சட்டம்! நோயாளியைக் குணமாக்குவதைவிட, ஊரிலிருந்து ஒதுக்கி அடைப்பதிலேதான் அதற்கு அக்கறை. உயர்ந்த மதில், பூட்டிய கதவு, உள்ளே போனவர் திரும்பாத வழி. மனநோய் என்றால் மதில் என்று மக்கள் மனத்திலே பதிந்தது இப்படித்தான்.

மதிலுக்கு வெளியே முதல் அடி எடுத்து வைத்தவர்களிலே கிரீந்திரசேகர போஸ் ஒருவர். 1933 இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலே, காய்ச்சலுக்கும் கட்டிக்கும் மருந்து தரும் அதே கட்டடத்திலே, மனநோய்க்கும் புறநோயாளிப் பிரிவு திறந்தார்கள். இன்று ஆர்.ஜி.கர் கல்லூரி என்று பெயர் பெற்றிருப்பது அதுதான். சின்னச் செய்தி போலத் தோன்றும். சின்னச் செய்தி அல்ல! 'இதுவும் நோய்தான், இதற்கும் இதே வாசல்தான்' என்று முரசறைந்த செய்தி.

1952 இல் பாரிசிலே குளோர்ப்ரோமசின் என்கிற மருந்து வந்தது. காதிலே இல்லாத குரல் கேட்டு, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நடுங்கியவர்களிலே பலர், அந்த மருந்தால் அமைதி பெற்றார்கள். சங்கிலி செய்ய முடியாததை மாத்திரை செய்தது. மாத்திரைக்கும் குறைகள் உண்டு. கை நடுக்கும், உடல் பெருக்கும். அளவறிந்து கொடுக்க அறிந்தவர் வேண்டும். ஆனால் கதவு திறந்துவிட்டது.

திறந்த கதவின் வழியே நோயாளிகளை வெளியே அழைத்து வந்தவர்களிலே, நாம் மறக்கக் கூடாத பெயர் டாக்டர் சாரதா மேனன். சென்னை மருத்துவக் கல்லூரியிலே படித்தவர்; இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1961 இல் கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1978 வரையிலே அந்தப் பொறுப்பிலே இருந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் மனநோயைக் கற்கும் பாடசாலையும் கீழ்ப்பாக்கம்தான். நோயாளியை அடைத்து வைப்பதோடு கடமை முடிந்தது என்று அவர் இருக்கவில்லை. தொழில் பழக்கி, வீட்டோடு சேர்த்து வைக்கப் பாடுபட்டார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. 1984 இல் ஸ்கார்ஃப் என்னும் அமைப்பைச் சென்னையிலே தோற்றுவித்தார். 2021 டிசம்பரிலே, 98 ஆம் வயதிலே மறைந்தார்.

அப்படிப்பட்டவர்கள் தொண்டாற்றிய இடத்தின் பெயரை நாம் என்ன செய்தோம்? வசவுச் சொல்லாக்கினோம்! சினிமாவிலே 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றால் கொட்டகை சிரிக்கிறது. மேடையிலே எதிர்க்கட்சிக்காரரைக் 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கள்' என்றால் கைதட்டல் எழுகிறது. அந்தக் கூட்டத்திலே கடைசி வரிசையிலே ஒரு தகப்பன் உட்கார்ந்திருப்பான். அவன் மகன் அங்கே சிகிச்சை பெறுபவனாக இருப்பான். அவன் கை தட்டியிருப்பானா, தோழர்களே?

ஏர்வாடி

இனி எழுதக் கை கூசும் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை அடுத்து, தனியார் நடத்திய காப்பகம் ஒன்று. கீற்றுக் கொட்டகை. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். விடியுமுன் தீப்பிடித்தது. ஓட முடியுமா? கால் இருந்தது, காலிலே சங்கிலியும் இருந்தது! 28 பேர் மாண்டார்கள்.

ஏர்வாடிக்குப் போனவர்கள் ஒரு மதத்தார் அல்லர்; எல்லா மதத்தாரும் போனார்கள். அவர்களை மூடர்கள் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. நான் ஏச மாட்டேன். இராத்திரி முழுவதும் தூங்காமல் கத்தும் மகனை வைத்துக்கொண்டு, வீட்டு வாசலிலே ஊர் கூடி நிற்க, ஒரு தாய் என்ன செய்வாள்? உள்ளூர் டாக்டரிடம் போயிருப்பாள். அவர், 'எனக்கு இது தெரியாதம்மா' என்றிருப்பார். அல்லது தூக்க ஊசி ஒன்று போட்டு அனுப்பியிருப்பார். கீழ்ப்பாக்கம் எங்கோ இருக்கிறது. போக வரப் பணமில்லை. போனால் திரும்ப மாட்டான் என்று அச்சம். கோடங்கியின் வாசலோ திறந்தே இருக்கிறது. நடு இரவிலும் திறந்திருக்கிறது. 'உட்காரம்மா' என்று சொல்கிறது! திறந்த வாசலுக்குத்தான் மனிதர்கள் போவார்கள். மந்திரவாதியைத் திட்டினால் மட்டும் அந்த வாசல் மூடாது. அதற்கெதிரே அறிவின் வாசலையும் அகலத் திறந்து வைத்தால்தான் மூடும்.

ஏர்வாடிக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியிலே பிணைக்கக் கூடாது என்று தெளிவாகவே தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றும் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் சங்கிலியை அறுக்கும், நோயை அறியுமா? நோயை அறிய டாக்டர் வேண்டும்.

2022 ஜனவரியிலே தமிழ்நாட்டிலே ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், திருப்பூர், நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி, அரியலூர் என்று நீளும் அந்தப் பட்டியலிலே இராமநாதபுரமும் உண்டு! ஆம், ஏர்வாடி இருக்கிற அதே இராமநாதபுரம் மாவட்டம். சங்கிலி எரிந்த மண்ணிலே கல்லூரி எழுந்திருக்கிறது. அங்கே படித்து வெளிவரும் இளைஞன், 'எனக்கு இது தெரியாதம்மா' என்று இன்னொரு தாயிடம் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லாதபடி அவனைக் கற்பித்து அனுப்புகிறோமா? இதுதான் கேள்வி.

ஒண்டுக்குடித்தனம் தீர வேண்டும்

இல்லை என்பதுதான் விடை. எம்.பி.பி.எஸ். படிப்பிலே மனநல மருத்துவத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பது விரல் விட்டு எண்ணத்தக்க சில வாரங்கள். கண்ணுக்குத் தனித் தேர்வு உண்டு, காது மூக்கு தொண்டைக்குத் தனித் தேர்வு உண்டு, மனத்துக்கு இல்லை! பொது மருத்துவத் தேர்வுத் தாளிலே ஓரமாய் ஒன்றிரண்டு கேள்விகள் வரும், அவ்வளவுதான். அந்தக் கேள்விகளைத் தொடாமலே தேறிவிடலாம், டாக்டர் ஆகிவிடலாம். தேர்விலே வராத பாடம் தேரிலே ஏறாத சாமி; யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேராசிரியர் வகுப்பெடுக்கும்போது பின் வரிசை மாணவன் மடியிலே வேறு புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறான் என்றால், குற்றம் அவனுடையதா, அப்படி வகுத்த திட்டத்தினுடையதா?

கடலுக்கு அப்பால் பாருங்கள். இலங்கையிலே, கொழும்பிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும், மருத்துவ மாணவனின் இறுதித் தேர்வுக்கு உரிய பாடங்கள் ஐந்து: மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம், உளமருத்துவம். உளமருத்துவம் என்பது ஈழத் தமிழர் வழக்கு, அழகான சொல். அந்தப் பாடத்திலே தேறாதவன் அங்கே டாக்டர் ஆக முடியாது. அதன் பயனை யாழ்ப்பாணம் சொல்லும். போர் ஆண்டுகளிலே அங்கே உளமருத்துவம் கற்பித்தவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். வீட்டுக்கு வீடு சாவு, இடம்பெயர்வு, காணாமற் போனோர். மருத்துவர்களோ விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். என்ன செய்தார்? மாணவர்களுக்கு மட்டுமா கற்பித்தார்? ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் கற்பித்தார். மனம் உடைந்தவரை அடையாளம் காணவும், ஆறுதல் தரவும், தேவையானால் அனுப்பி வைக்கவும் பழக்கினார். போர் மனத்திலே விட்ட வடுக்களை 1998 இல் நூலாகவும் எழுதி உலகுக்குக் காட்டினார். டாக்டர் பற்றாக்குறைக்கு மருந்து, கற்பித்தல்தான். அந்தச் சின்னத் தீவு செய்ததை இந்தப் பெரிய நாடு செய்ய முடியாதா?

'ஏற்கெனவே மாணவனுக்குச் சுமை அதிகம், இன்னொரு தேர்வா?' என்று சிலர் கேட்பார்கள். பத்தில் ஒருவருக்கு இருக்கும் நோயைப் படிப்பது சுமையென்றால், எதைப் படிப்பது சுகம்? 'தேர்வு வைத்தால் அறிவு வந்துவிடுமா?' என்று வேறு சிலர் கேட்பார்கள். வராதுதான், ஆனால் தேர்வு வைத்தால் வாரங்கள் கூடும், ஆசிரியர் இடங்கள் கூடும், நோயாளியின் அருகே மாணவன் நிற்கும் நேரம் கூடும். தேர்வு என்பது வாசற்படி. ஏறாமல் உள்ளே போக முடியாது.

பாடத்திட்டத்தை வகுக்கும் அதிகாரம் டில்லியிலே, தேசிய மருத்துவ ஆணையத்திடம் இருக்கிறது. கோரிக்கை அங்கே போய்ச் சேர வேண்டும்: மனநல மருத்துவம் தனிப் பாடமாக வேண்டும், தனித் தேர்வு வேண்டும். நாடாளுமன்றத்திலே கேட்கக் கூடியவர்கள் கேட்க வேண்டும். தொழிற்சங்க மாநாடுகளிலே தீர்மானம் நிறைவேற வேண்டும். ஆலை வாயிலிலே பாதுகாப்புத் தொப்பி கேட்கிறோம். தலைக்கு மேலே தொப்பி கேட்பவன், தலைக்குள்ளே இருப்பதற்குப் பாதுகாப்புக் கேட்கக் கூடாதா?

டில்லி செவி சாய்க்கும்வரை நாம் சும்மா இருக்கவும் வேண்டாம். பைத்தியம், மெண்டல், கீழ்ப்பாக்கம் என்கிற வசவுகளை மேடையிலிருந்தும் மன்றத்திலிருந்தும் அகற்றுங்கள். எதிரியை அடிக்க நோயாளியைத் தடியாக எடுக்காதீர்கள். உங்கள் தெருவிலே ஒருவர் தூங்காமல், உண்ணாமல், தனியே பேசித் திரிகிறாரா? அவர் வீட்டாரோடு ஒருவர் துணைக்குப் போங்கள், அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு. பேருந்துக் கட்டணத்துக்குப் பணமில்லையென்றால் சங்கம் கொடுக்கட்டும். வாழ்வே வெறுத்தது என்று ஒரு தோழன் சொன்னால், 'போடா, இதெல்லாம் ஒரு கவலையா' என்று தட்டிக் கழிக்காமல் பக்கத்திலே உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்கிற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை அது. சங்க அலுவலகச் சுவரிலே அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

பேராசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சக டாக்டர்களே அவரைக் கேலி செய்வதுண்டு: 'பைத்தியத்தோடு பழகிப் பழகி' என்று தொடங்கும் கேலி. எலும்பு டாக்டருக்குக் கிடைக்கும் மாலை அவருக்குக் கிடைப்பதில்லை. குணமானவர் பலர் அவரைத் தெருவிலே கண்டால் தெரியாதவர்போல் போய்விடுகிறார்கள். கண்டுகொண்டால் ஊர் கேட்குமே, 'இவரை உனக்கு எப்படித் தெரியும்' என்று! அந்த மௌனத்தையும் அவர் புரிந்துகொள்கிறார். மறுநாள் காலை மீண்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, மாணவர்களை அருகே அழைத்து, அடுத்த நோயாளியிடம் கேட்கிறார்: 'தூக்கம் எப்படி இருக்கிறது?'

அந்தக் கேள்வி ஊருக்கு ஊர் ஒலிக்க வேண்டும், தோழர்களே! அதைக் கேட்கத் தெரிந்த டாக்டர் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் உட்கார வேண்டும். கற்பிக்க ஆசான் இருக்கிறார். கற்க மாணவன் இருக்கிறான். இருவருக்கும் நடுவிலே நேரத்தைத்தான் நாடு தர மறுக்கிறது. அந்த நேரத்தைக் கேட்டுப் பெறுவோம்! நம் வீட்டுப் பிள்ளையின் காலுக்குச் சங்கிலி தேடும் நிலை இனி எந்தத் தாய்க்கும் வர வேண்டாம்!